வெட்டிய பின்னல்

சீனத்து ஹூனானில் நான் பிழைக்க வந்த இந்தச் சிற்றூரில் வெடிச்சத்தம் கேட்டால் யாரும் தலை நிமிர்வதில்லை. கடைதிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் பட்டப்பகலில் சரம் கொளுத்துகிறார்கள். நான் மட்டும் வாசலுக்கு ஓடி, புகை எந்தத் திசையில் என்று தேடுவேன். திருத்தங்கல்காரனுக்கு அது பழக்கதோஷம். எங்கள் ஊரில் பகலில் ஒரு சத்தம் கேட்டால், எந்தப் பட்டாசு ஆலை, வெம்பக்கோட்டைப் பக்கமா, ஏழாயிரம்பண்ணைப் பக்கமா என்று பார்த்த பிறகுதான் மூச்சே விடுவோம்.

இங்கே பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் என்னோடு வேலை பார்ப்பவர் லீ என்ற அம்மாள். போன வாரம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு முழ நீளத்தில் ஒரு பின்னல். யாரோ பெண் நேர்ந்து இறக்கிய முடி என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கை செல்வியின் முடிதான் கண்ணில் நின்றது. அவள் கணவன் பட்டாசு ஆலை விபத்தில் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் பிழைத்தால் முடி தருவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். ஆனாலும் போய் மொட்டை போட்டு வந்தாள். “கேட்டது கெடைக்கலைன்னா, சொன்னது இல்லைன்னு ஆயிருமாண்ணே?” என்றாள்.

பெட்டியில் இருந்தது லீயின் கொள்ளுத்தாத்தாவுடைய பின்னலாம். ராஜா காலத்தில் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் விடவேண்டும். மறுத்தவனுக்குத் தலை போகும். ராஜா போய்க் குடியரசு வந்ததும் சிப்பாய்கள் கத்தரியோடு ஊர்வாசலில் நின்று அதை வெட்டினார்கள். தாத்தா அழுதுகொண்டே பொறுக்கி வந்தார். ராஜா திரும்பி வந்தால் தொப்பியில் தைத்துத் தலையைக் காப்பாற்றிக்கொள்ளலாமே. இப்போது எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். எறியச் சொல்லி யாரும் இன்னும் உத்தரவு போடவில்லையே என்றார் லீ. குடியரசு வந்தபிறகு தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். அதே வேலைதானாம். ராஜாவின் பிறந்தநாளுக்கு வெடி சுற்றிய கை, குடியரசு விழாவுக்கும் சுற்றியது. அதன்பிறகு வந்தவர்களுக்கும் சுற்றியது. ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று நம்மூரில் சொல்வதை, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில் சொல்ல முடியவில்லை. செல்வியும் குடியரசின் பிரஜைதான். ஒரு தேர்தல்கூட விடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறாள்.

நேற்று ஃபோனில் சொன்னாள், புருஷன் வெந்த அதே ஆலைக்குத் திங்கட்கிழமை முதல் வேலைக்குப் போகிறாளாம். வேண்டாம் என்று கெஞ்சினேன். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. “வானம் பாத்த காடு. இங்கன வேற என்ன வேலை இருக்கு? நீயே சொல்லுண்ணே” என்றாள். அங்கே வேறு வேலை இருந்தால் நானே இங்கு வந்திருக்க மாட்டேன்.

இன்று திங்கட்கிழமை. மதியம் எதிர்த்தெருவில் சரவெடி. வழக்கம்போல் கம்பெனி வாசலுக்கு ஓடிவந்து நின்றேன். கல்யாணம், கல்யாணம் என்று லீ உள்ளிருந்து சொன்னார். தெரிகிறது, சிவப்புக் காகிதம் காலடிவரை பறந்து வருகிறது. ஆனாலும் என் கை செல்வியின் நம்பரை அழுத்திவிட்டது. அங்கே இப்போது காலை. வேன் போய்ச் சேர்ந்திருக்கும். ஆலைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. மணி அடித்து அடித்து நின்றது. சாயங்காலம் அவள் வீடு திரும்பும்வரை, இங்கே வெடித்ததற்கு அங்கே புகை தேடிக்கொண்டு நிற்கிறேன்.