மதினிக்கு வாய் வராத வாக்கியம்

மதினியின் அடுப்படிச் சுவரில் வெள்ளை பிளாஸ்திரித் துண்டுகள் ஒட்டியிருக்கும். வார்டில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டுகிற அதே பிளாஸ்திரிதான். ஒவ்வொன்றிலும் பேனாவால், சேர்ந்தே வரும் ஓர் இங்கிலீஷ் சொல்ஜோடி: 'வெயிட் ஃபார்', 'கிவ் அன் இன்ஜெக்‌ஷன்'. தென்காசியில் ஒரே ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் நர்ஸ். எலுமிச்சை லாரி ஓட்டிய என் அண்ணன் புளியங்குடி ரோட்டில் வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டான். வெளிநாட்டு வேலை ஒன்றுதான் மதினிக்குத் தெரிந்த வழி. அதற்கு இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும். நானும் கூடவே படித்தேன்.

நமக்குப் 'போடு' ஒன்று போதும். ஊசி போடு, கட்டுப் போடு, சோறு போடு, சண்டை போடு. இங்கிலீஷ்காரனுக்கு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை. நோயாளி வலியைச் சொன்னால் 'கம்ப்ளெய்ன் ஆஃப்', டாக்டரைப் பற்றிக் குறை சொன்னால் 'கம்ப்ளெய்ன் அபௌட்'. ஏன் என்று கேட்டால், அப்படித்தானாம். துக்கச் செய்தி சொல்வதற்கு 'பிரேக் த நியூஸ்' என்று வந்தபோது மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "செய்திய ஒடைக்கணுமாம்லா! ஏட்டி, அது என்ன மண்சட்டியா?" ஆனாலும் என்னைவிட அவள்தான் கெட்டி. அண்ணனுக்குப் புண் துடைக்கும்போதுகூட வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

பேச்சுப் பரீட்சையில் எதிரே இருந்தவர், இறந்துபோன நோயாளியின் மகனாக நடித்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்போம்; கேட்பவர்களுக்கு விளங்கிவிடும். மதினி அதையே ஒரு பிசகில்லாத இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். "எப்போது டிஸ்சார்ஜ்?" என்று கேட்டாராம் அவர். வெளியே வந்து, "பெத்த தகப்பன் செத்துட்டான்னு ஒருத்தன் மொகத்தப் பாத்து எப்படிட்டி சொல்லுதது?" என்றாள். தேறவில்லை. மறுபடி எழுதவும் மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நடிப்புக்குத்தானே, வீட்டில் இருக்கும் தன் பிள்ளைகள் முகத்தையாவது நினைக்க வேண்டாமா?

நான் சொன்னேன், தேறினேன். இங்கே அயல்நாட்டு வார்டில், வந்தவர்களை உட்காரவைத்து, இறந்துவிட்டார் என்று நேராகவே சொல்கிறேன். கையைப் பிடித்து நன்றி சொல்கிறார்கள். பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் மதினி போன் பண்ணினாள். குற்றாலத்தில் நல்ல சாரல், கூட்டம் தாங்கவில்லை என்றாள். அப்புறம், "ஒங்கப்பாவுக்குக் கொஞ்சம் சொகமில்லட்டி. லீவு சொல்லிட்டு ஒரு எட்டு வந்துரு" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது. அப்பா இருக்காவளா என்று கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

"சரி மதினி, வாரேன்" என்றேன்.