சகாயமேரி கணினிக்குப் போட்ட பூட்டு

இண்டூரில் சான்றிதழுக்கு மனுப்போடவோ ஜெராக்ஸ் எடுக்கவோ போகிற யாரிடம் கேட்டாலும் சகாயமேரியைப் பற்றி ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வேலை சுத்தம், வாய் கொஞ்சம் காரம், சந்தேகம் மட்டும் கூடை கூடையாக. கையெழுத்துப் போட வாங்கின பேனாவைத் திருப்பிக் கொடுத்தால், தான் கொடுத்த பேனாதானா என்று மூடியைக் கழற்றிப் பார்ப்பாள். புருஷன் சவுரியப்பன் லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டேன் என்று அவர் போனில் சொன்னால், காலி வண்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாள். அந்த மனிதரும் பாவம், இருபது வருடமாக அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்தக் குணம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியில், செய்து வருகிற இரும்புச் சாமான்களில் எது சொத்தை என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. நாள் முழுக்கக் குறை தேடியே பழகிய கண். அதன் பிறகு ஊரில் வீட்டின் முன்னறையை ஷட்டர் போட்டுக் கடையாக்கி உட்கார்ந்தாள். கடை வைத்த நாலாம் வருடம், பிரிண்ட் எடுக்க வந்த ஒருவன் பெண்டிரைவைச் செருகி, அவள் கணினியில் கிடந்த யாருடைய சாதிச் சான்றிதழையோ நகல் எடுத்துப் போய், பெயரை மாற்றி ஒட்டி எங்கேயோ மாட்டிக்கொண்டான். விசாரணை என்று இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் இவளை உட்கார வைத்தார்கள். குற்றமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் போனவர்களெல்லாம் ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்த்துக்கொண்டே போனதை அவளால் மறக்க முடியவில்லை.

திரும்பி வந்தவள் கணினிக்குப் பூட்டுப் போட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக் கொடுக்கிறவனுக்கும் தெரிந்துவிடுமே. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். கணினியின் அடிவயிற்றில் இருக்கிற ஒரு பட்டியலைத் திறந்து, மூன்று என்று இருந்த எண்ணை நான்கு என்று மாற்றினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எந்தப் பெண்டிரைவைச் செருகினாலும் அந்தக் கணினி கண்டுகொள்ளாது. மவுஸ், கீபோர்டு, ஆதார் வழியாகப் பணம் எடுக்க வருகிறவர்கள் விரல் வைக்கிற ரேகை மெஷின் இவையெல்லாம் எப்போதும் போல வேலை செய்யும். அந்த எண்ணை இன்னொருவர் மாற்றிவிடாமல் இருக்க ஒரு பாஸ்வேர்டு வைத்தாள். அது சவுரியப்பனுக்குக்கூடத் தெரியாது.

போன கோடையில் கரண்ட் அடிக்கடி போனது. பழைய யூ.பி.எஸ். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. அப்போதும் ஒரு வீடியோவைப் பார்த்து, கணினி குறைவாக மின்சாரம் இழுக்கும்படி எந்தெந்தக் கட்டங்களில் டிக் போடச் சொன்னார்களோ அத்தனையிலும் போட்டாள். யூ.பி.எஸ். கூடுதலாக ஐந்து நிமிடம் தாங்கியது. அதோடு அதை மறந்தும் போனாள்.

ஜூன் மாதம் தேவிப்பிரியா வேலைக்கு வந்தாள். பக்கத்து ஊர்ப் பெண். தருமபுரியில் கணினிப் படிப்பு முடித்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயரைப் பதிகிற வேலைக்கு மனுப்போட்டிருந்தாள். அது கிடைக்கும்வரை இங்கே இருக்கிறேன் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். அந்த வேலை வந்துவிட்டால், ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவை வீட்டோடு உட்கார வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

அதுவரை சகாயமேரி மதியம் இரண்டு மணிக்குக் கணினியை அணைத்து ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பாள். தேவி வந்த பிறகு அந்த இரண்டு மணி நேரமும் கடை திறந்திருந்தது. சகாயமேரி உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். தேவிக்கென்று தனியாக ஒரு கணக்கைக் கணினியில் திறந்து கொடுத்திருந்தாள். அதில் மனுப்போடலாம், பிரிண்ட் எடுக்கலாம். கணினியின் செட்டிங்கை மட்டும் தொட முடியாது.

தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது. மதிய நேரத்தில் மட்டும் ரேகை மெஷின் வேலை செய்யவில்லை. முதலில் பழி விரல்மேல் விழுந்தது. எங்கள் பக்கம் அது வழக்கம்தான். புளி தட்டி, களை வெட்டி ரேகை தேய்ந்தவர்கள், விரலைத் தலைமயிரில் நாலு தேய் தேய்த்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பார்கள். எண்ணெய்ப் பசையில் ரேகை எடுப்பாகத் தெரியும் என்பது நம்பிக்கை. புளி உடைக்கப் போகிற குள்ளம்மாள் ஒரு நாள் மதியம் தேய்த்துத் தேய்த்துத் தலையே கலைந்து போய் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, வெரலு மேல தப்பு இல்லீங்க. மெஷினுல வெளக்கே எரியலைங்க," என்றாள் தேவி.

"காலைல நான் ஒக்காந்தப்ப நல்லாதான இருந்துச்சு?" என்றாள் சகாயமேரி.

இருந்தது. காலையில் எப்போதும் நன்றாகவே இருந்தது. சாயங்காலமும் இருந்தது. தேவி உட்கார்கிற நேரத்தில் மட்டும்தான் கெட்டது. சகாயமேரியின் மனசில் முள் தைத்தது.

இதற்கு மேல் இன்னொன்று. உள்ளே பாயில் படுத்திருக்கும்போது கடையிலிருந்து ஒரு சத்தம் வரும். கணினியிலிருந்து எதையாவது பிடுங்கினால் ஒரு சத்தம், செருகினால் இன்னொரு சத்தம். முதலில் பிடுங்குகிற சத்தம், பிறகு செருகுகிற சத்தம். மதியத்துக்கு மூன்று தடவை, நாலு தடவை. ரேகை மெஷினைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் பெண்டிரைவைச் செருகுகிறாளோ? செருகினாலும் கணினி ஏற்காதே என்று நீங்கள் கேட்கலாம். தானே போட்ட பூட்டைத் தானே நம்புகிற ஆளா அவள்? படித்த பெண், நான்கைத் திரும்ப மூன்றாக்க வழி தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள்.

அந்த வாரமே தேவி வந்து கேட்டாள்.

"அக்கா, செட்டிங்குல எங்கியோ ஏதோ இருக்குதுங்க. உள்ள போயி பாத்தா சரி பண்ணிடலாம். பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடுக்கறீங்களா?"

சகாயமேரி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஆக, இதற்குத்தானா இத்தனையும்?

"அதெல்லாம் நான் பாத்துக்கறன். நீ மனுவ போடு," என்றாள்.

கடைச் சுவரில் ஒரு கேமரா உண்டு. போனில் பார்க்கலாம். வியாழக்கிழமை மதியம் அவள் தூங்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரும் இல்லை. தேவி சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்குக் குள்ளம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். தேவி மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவள் கை கணினிப் பெட்டிக்குப் பின்னால் போனது. பிடுங்குகிற சத்தம். செருகுகிற சத்தம்.

சகாயமேரி எச்சில் கையோடு எழுந்து ஓடினாள்.

"பின்னாடி என்னத்தடி சொருவுன?"

"ஐயோ, இல்லீங்கக்கா. மெஷின் வயர புடுங்கி மாட்டுனன். அப்படி மாட்டுனாதான் திரும்ப எரியுதுங்க."

"பைய காட்டு."

தேவி காட்டினாள். டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு, பஸ் டிக்கெட்டுகள், அடியில் நீலநிறப் பெண்டிரைவ் ஒன்று. பார்த்திருந்த பெண்களில் ஒருத்தி, "அட சாமி!" என்றாள்.

"எங்காலேஜி சர்ட்டிபிகேட்டும் பயோடேட்டாவும்தாங்க இருக்குது. வேணும்னா போட்டுப் பாருங்கக்கா." தேவி அதை நீட்டினாள்.

போட்டுப் பார்க்க வேண்டியதுதானே? ஆனால் அந்தக் கணினிதான் பெண்டிரைவை ஏற்காதே. பார்க்க வேண்டுமானால் பூட்டைத் திறக்க வேண்டும். அதற்காகவே இவள் நாடகமாடுகிறாளோ என்று நினைத்தாள் சகாயமேரி. வாசலைக் கைகாட்டினாள். தேவி பெண்டிரைவை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

சனிக்கிழமை தருமபுரியிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி மேனேஜர் மாதவராஜ். தேவிப்பிரியா நேர்காணலின்போது, வேலை செய்கிற இடம் என்று இந்த எண்ணைக் கொடுத்திருக்கிறாள், பெண் எப்படி என்று கேட்டார். சகாயமேரி கெட்டவள் அல்ல. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பொய்யும் சொல்லக்கூடாது என்று நினைத்தாள்.

"வேலையெல்லாம் சுத்தமா செய்யுமுங்க. ஆனா... கம்ப்யூட்டர் பக்கம் பெண்டிரைவ் கிண்டிரைவ் வெச்சிருந்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"அப்படிங்களா. சரிங்க," என்று அவர் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் அவளே இருந்தாள். மதியமும் திறந்திருக்கும் என்று ஊர் பழகிவிட்டதால் ஷட்டரை இறக்க மனசில்லை. கவுண்டரிலேயே சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது குள்ளம்மாள் வந்தாள். வழக்கம்போல விரலைத் தலையில் தேய்த்து மெஷினில் வைத்தாள். விளக்கு எரியவில்லை.

தேவி எதையோ உள்ளே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்பதுதான் சகாயமேரிக்கு முதலில் தோன்றியது. அப்படிப்பட்ட மனசு அது. குள்ளம்மாள் அவசரப்படுத்தினாள்.

"அந்தப் பொண்ணு புடுங்கி மாட்டுமே, அதாட்டம் செய்யி."

சகாயமேரி கையைப் பின்னால் விட்டு வயரைப் பிடுங்கினாள். மாட்டினாள். இரண்டு சத்தமும் வந்தன. சிவப்பு விளக்கு எரிந்தது. குள்ளம்மாளின் ரேகை ஒரே தடவையில் விழுந்தது.

குள்ளம்மாள் போன பிறகு சகாயமேரி போனை எடுத்து, கேமராவில் பதிந்ததை ஓட்டிப் பார்த்தாள். தன் கை பெட்டிக்குப் பின்னால் மறைந்து திரும்புவது தெரிந்தது. எதையோ திருட்டுத்தனமாகச் செருகுகிற கை மாதிரியே இருந்தது.

மெஷினைத் தொடாமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எட்டாவது நிமிடம் விளக்கு அணைந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி எட்டு நிமிடம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனாள். திரையில் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து தேடினாள். யூ.எஸ்.பி. பகுதியில், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கிற கட்டத்தில் ஒரு டிக் இருந்தது. கோடையில் அவளே போட்டது. காலையிலும் சாயங்காலமும் கூட்டம் இருப்பதால் மெஷின் எட்டு நிமிடம் சும்மா இருந்ததே இல்லை. மதியம் ஆள் வராத நேரத்தில் கணினி அதைத் தூங்கப் போட்டுவிடும், அது தானாக எழுந்திருக்காது. அந்த நேரத்தில் உட்கார்ந்தது மட்டும்தான் தேவி செய்த குற்றம்.

டிக்கை எடுத்தாள். மெஷின் அரை மணி நேரம் சும்மா இருந்தும் அணையவில்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள்கூட இரண்டு நாள் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். தான் ஒரு கேள்வியாவது ஒழுங்காகக் கேட்டோமா?

உடனே மாதவராஜுக்குப் போன் போட்டாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, சனிக்கெழம ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கி ஒண்ணு சொல்றீங்க. அந்தப் பொண்ணு வூட்டுக்காரங்க யாராச்சும் வந்து சத்தம் போட்டாங்களா?"

"ஐயோ, யாரும் வரலீங்க சார். நாந்தான் தப்பா..."

"சரிம்மா. எங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? வேற ஆளு போட்டாச்சு."

அவர் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்போம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

வெயில் தாழ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தேவியின் ஊருக்குப் போனாள். தேவி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையில் இருந்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள். "வாங்க" என்று மட்டும் சொன்னாள். சகாயமேரி தெருவில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டிக் போட்டதை, எட்டு நிமிடத்தை, ஆஸ்பத்திரிக்காரரிடம் சொன்னதை, திரும்பச் சொல்லியும் அவர் நம்பாததை, ஒன்றையும் மறைக்கவில்லை.

குடம் நிரம்பி வழிந்தது.

"அந்த வேல வரும்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தன்," என்றாள் தேவி.

"தேவி, நாளைக்கே கடைக்கு வந்துடு. குள்ளம்மா முன்னாடியே என் தப்புன்னு சொல்றன். ஒன்ன யாரும் இனிமே வேவு பாக்க மாட்டாங்க. அந்தக் கேமராவ நானே கழட்டிப் போட்டுடறன்."

தேவி குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"கழட்டாதீங்கக்கா. எனக்கும் ஒரு சாட்சி வேணும். கேமரா இல்லாத எடத்துல நான் இனிமே வேலைக்கு ஒக்கார மாட்டன்."

தேவி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.