பசவனகுடியில் வெள்ளையடித்த பங்களா

காலை ஆறரை மணிக்குச் சென்னை மெயில் என்னைப் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறக்கிவிட்டது. மார்ச் மாதம்தான், ஆனாலும் சால்வை தேவைப்பட்டது. காக்ஸ் டவுனில் இருந்த அத்தை வீட்டுக்கு ஜட்கா கூலி ஆறணா கேட்டு ஐந்தணாவுக்கு இறங்கிய வண்டிக்காரர், சென்னைப் பேப்பரில் புது திவான் பெயர் வந்துவிட்டதா என்று விசாரித்தார். வரவில்லை என்றேன்.

"வராட்டி போகட்டும்மா. பசவனகுடியில ஒரு பங்களாவுக்கு வெள்ளையடிக்கிறாங்க. அது போதாதா?"

மைசூர் சமஸ்தானத்தில் திவானுக்குத் தேர்தல் இல்லை, மகாராஜா நியமிக்கிறார். ஆகவே ஊர் முழுக்க ஊகம். எனக்கும் அதில் அக்கறை இருந்தது. சென்னையில் எக்ஸ்ரே வேலை பயின்ற என்னை இங்குள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். புதிதாக ஏற்படுத்தும் வேலை; திவான் கையெழுத்திட்டால்தான் உண்டு. இருந்த திவானோ ஓய்வு பெற்றுவிட்டார்.

அத்தையின் கணவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. காபி ஆறுவதற்குள் மாமா மூன்று பேரை அலசிவிட்டார். ஓய்வு பெற்ற ஜட்ஜுக்கு வயதாகிவிட்டது. ரெவின்யூ கமிஷனர் அரண்மனையில் டென்னிஸ் ஆடுபவர், ஆனால் இளையவர். மூன்றாமவர் பசவனகுடி கவுன்சிலர், அதாவது திவானின் ஆலோசனை சபை மெம்பர். புது வேலை என்று எழுதி வந்தாலே கேள்வி கேட்டுத் திருப்பிவிடுபவர்.

"அவருதான் வரப்போறாரு, எஸ்தர். வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சே. கமிஷனர் வீட்டுச் சுவத்துல பாசி அப்படியே இருக்கு."

"நம்ம வீட்டுக்கும் அடிங்களேன்" என்றாள் அத்தை. "நீங்களே திவான் ஆயிடலாம்."

பெரிய மனிதரைப் பார்க்கப் போனால் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிடுவது இவ்வூர் வழக்கம். மாமா மார்க்கெட்டில் ஆளுக்கொரு பழம் வாங்கினார். பத்து மணிக்குப் பசவனகுடி சேர்ந்தோம்.

பங்களா கண் கூசும் வெண்மையாக இருந்தது. வராந்தாவில் இடமில்லை. ஜரிகைத் தலைப்பாகைகள், நீளக் கோட்டுகள், மல்லிகை மாலைகள். கவுன்சிலர் வேட்டியோடு வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். பிறகு கன்னடத்தில் ஏதோ சொன்னார். மாமாவின் முகம் சுருங்கியது. மகள் கல்யாணம் வியாழக்கிழமைதானே, எல்லோரும் இன்றே வந்துவிட்டீர்களே என்கிறாராம். யாரோ திவான் பேச்சை எடுக்கவும் அவர் சிரித்துவிட்டார். நேற்று மாலையே அரண்மனையிலிருந்து தகவல் வந்துவிட்டதாம். திவான், பாசி பிடித்த வீட்டுக் கமிஷனர்.

பின்வரிசையில் எலுமிச்சம்பழங்கள் கோட்டுப் பைக்குள் திரும்பின. மாலைக்காரர்கள் அதே மாலைகளோடு ஜட்கா தேடி ஓடினார்கள். மாமாவும் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் கவுன்சிலர் என்னைக் கவனித்துவிட்டார். அங்கே இருந்த பெண் நான் ஒருத்திதான்.

"நீ யாரும்மா? கல்யாணத்துக்கு வந்தியா, திவானைப் பார்க்க வந்தியா?" என்றார் நல்ல தமிழில்.

"வேலைக்கு வந்தேன் சார். எக்ஸ்ரே."

"ஓ, நீதானா? அந்த மெஷின் மாசக்கணக்கா துணி போர்த்திக் கிடக்கு. ஓட்ட ஆள் இல்லாம எதுக்கு வாங்கினீங்கன்னு நான்தான் எழுதினேன். பழைய திவான் போறதுக்கு முன்னாடியே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாரே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

வாசல் படியில் மாமா என்னைப் பார்க்காமல், "நல்ல மனுஷன்" என்றார்.

பகல் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஆர்டரை வாங்கிக்கொண்டு மெஷினின் துணியை விலக்கினேன். தூசிதான், பழுதில்லை. கரண்ட் கொடுத்ததும் மீட்டர் முள் ஒழுங்காக ஏறி நின்றது.

சாமான்களை எடுத்துவர அன்று இரவே சென்னைக்கு ரயிலேறினேன். எங்கள் ஊரில் கவர்னர் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறார். அவர் யார் என்று யாரும் சுவரைப் பார்த்து ஊகிப்பதில்லை. பெங்களூர்க்காரர்கள் தப்பாகவே ஊகித்தாலும், வரப்போகிறவர் நம்முடைய ஆள் ஒருவர் என்ற நினைப்பில் ஊகிக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

கைப்பையில் என் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. ஜோலார்பேட்டையில் ஒரு சோடா வாங்கி, அதில் பிழிந்து குடித்துவிட்டுத் தூங்கினேன்.