சுவரைப் பார்த்து விழுங்கிய மாத்திரை

காசநோய்க்கான புது மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சண்முகையாவுக்கு ஒரே ஒரு வேலைதான். சைக்கிளில் வீடு வீடாகப் போய், நோயாளி மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் வாய்ச்சவடால் அடிக்கிற ஆட்களையே, "ஏலே, நாக்கைத் தூக்கு. எங்கிட்டயே ஒளிக்கியா?" என்று அதட்டியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தெருக்களில் அவரைக் கண்டால் நோயாளிகளுக்குப் பயம்.

ஒரு வீட்டில் மட்டும் அந்தக் கறார் செல்லாது. முத்துமாரியம்மாள் அவருடைய சித்தப்பா மகன் ராஜதுரையின் மனைவி. புருஷனுக்கு அண்ணன் முறை என்பதால் அவர் முன்னால் உட்காரமாட்டாள், முகம் பார்த்துப் பேசமாட்டாள். மாத்திரையை வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவாள். இவரும் தெருப்பக்கம் திரும்பிக்கொள்வார். தம்பி பெண்டாட்டியிடம் வாயைத் திற என்று எப்படிக் கேட்பது? மருந்து சேர்ந்தால் சிறுநீர் சிவக்கும், அதையும் விசாரிக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அதைக் கேட்பதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

மாதங்கள் போயின. மற்றவர்களுக்கெல்லாம் சளியில் கிருமி ஒழிந்தது. இவளுக்கு மட்டும் ஒழியவில்லை.

"இந்த அம்மாவுக்கு மருந்து கேட்கலையே. ஊசிக்கு மாத்தினாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்ற டாக்டர், "நீங்க பார்த்துத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"பாத்தேன் சார்."

சொல்லிவிட்டாரே தவிர, அதன்பின் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவள் வீட்டில் தெருப்பக்கம் திரும்பவில்லை. அவள் சுவரோரம் குனிந்து எதையோ துப்பினாள். அம்மிக்கல்லின் அடியில் மாத்திரைகள் சிவப்பாகக் கரைந்து கிடந்தன.

"ஏன் தாயி இப்படிச் செஞ்சே?" முதன்முறையாக அவளிடம் நேராகக் கேட்டார்.

"முழுங்குனா குமட்டிக்கிட்டு வருது. உங்க முன்னால வாந்தி எடுத்தா மரியாதையாவா இருக்கும்? நீங்களும் திரும்பி நிக்கிய..." என்று அழுதாள். உள்ளே அவளுடைய ஐந்து வயது மகள் வள்ளி இருமினாள்.

அன்றே டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முத்துமாரியை ஆமினாள் நர்ஸின் பொறுப்பில் விட்டார்கள், குமட்டலுக்கும் மருந்து கொடுத்தார்கள், அவள் தேறிவிட்டாள். ஆனால் வள்ளிக்கு நோய் தொற்றியிருந்தது. எப்போது தொற்றியது என்று யாருக்குத் தெரியும் என்றார் டாக்டர். சண்முகையா கேட்கத் தயாராக இல்லை. தான் தெருவைப் பார்த்து நின்ற நாட்களில்தான் தொற்றியது, அந்தப் பச்சை மண்ணுக்கு நோயைக் கொடுத்த பாவி நான்தான் என்று மருகினார்.

வள்ளிக்கு மாத்திரை கொடுக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தை முகத்தைச் சுளித்து விழுங்கியது. அவர் கேட்பதற்கு முன்பே ஆவென்று வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டியது.

"நல்லாப் பாத்தியளா, பெரியப்பா?"

டாக்டரிடம் அத்தனை சுலபமாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை இப்போது வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குனிந்து பார்த்தார்.