தார்சிலாவின் மூக்கு

சிறு கண்ணாடிக் குவளையில் நான்கைந்து சொட்டுத் தாய்ப்பால். தார்சிலா முகக்கவசத்தை இறக்குகிறார்; கண்களை மூடுகிறார்; ஒரே மூச்சு இழுக்கிறார். "தேறிடுச்சு" என்றால் அந்தச் சீசா கிருமி நீக்கும் வெந்நீர்த் தொட்டிக்குப் போகும். "தேறல" என்றால் கழிவுத் தொட்டிக்கு. ஒரு காலைக்கு நாற்பது சீசாக்கள். பதினான்கு ஆண்டுகளாக இதுவே வேலை.

ஆற்றங்கரையிலுள்ள பெலேம் நகர மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் தாய்ப்பால் வங்கி அது. மீன், ரப்பர், சோப்பு எனப் பாலில் ஏறக்கூடிய ஒவ்வொரு வாடைக்கும் தார்சிலாவின் பதிவேட்டில் தனிக் குறியீடு உண்டு. அந்த மூக்குக்காக அவர் காக்கும் விரதங்களும் பல. வாசனைத் தைலம் பூசாமல் யாரும் தெருவில் இறங்காத ஊரில் அவருக்கு மணமற்ற சோப்பு மட்டுமே. மாலை ஐந்து மணிக்கு முன் தகாகா கடைப்பக்கம் போகமாட்டார். மரவள்ளிச் சாறும் காய்ந்த இறாலும் கொதிக்கும் அந்த ஆவி, "நாள் முழுக்க மூக்குக்குள்ளயே குடித்தனம் பண்ணும்" என்பார்.

வீடுவீடாகச் சென்று சீசாக்களைச் சேகரித்து வருவது அந்த ஊரில் தீயணைப்புத் துறையின் வேலை; வருபவர் தீயணைப்பு வீரர் வல்தெமிர். "என்னக்கா, மூக்கு இன்னிக்கு லீவு போடலியே?"

"நீ ஷேவிங் லோஷன் போட்டுட்டு வந்தா போட்டுரும். வாசல்லயே நில்லு."

மார்ச் மாத மழையில் வரத்துக் குறைந்திருந்தது. உறைபெட்டியில் மறுநாளுக்கு மட்டுமே பால். குறைமாதக் குழந்தைகள் பிரிவில், பதினோராம் எண் வெப்பப் பெட்டியில் தொள்ளாயிரத்து நாற்பது கிராம் குழந்தை. அதன் தாய்க்கு இன்னும் பால் சுரக்கவில்லை. அன்று வல்தெமிர் படகுத்துறையிலிருந்து ஆறு சீசாக்களைக் கொண்டுவந்தார். உடன், அவற்றை நிரப்பிய ஜுசாராவும் கைக்குழந்தையோடு வந்தாள். ஆற்றுக்கு அக்கரைத் தீவுக்காரி, வயது பத்தொன்பது. முதல் முறையாகத் தருகிறாள். பத்து நாள் சேகரிப்பு.

ஆறு சீசாக்களிலும் காப்பி மணத்தது.

தார்சிலா ஒரு மூடியைத் திருப்பினார். தாய்மார்கள் பால் பிடிப்பது கொதிக்க வைத்த பழைய காப்பித்தூள் சீசாக்களில்தான்; அவற்றின் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் வட்ட அட்டை, பிரிக்கப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தது. முதல் தடவையிலேயே பால் தேறாத பதினொரு பேரில் ஏழு பேர் திரும்பி வரவில்லை என்று அவருடைய பதிவேடே சொல்லும். மூடியோடு வெளியே ஜுசாராவிடம் வந்தார்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

"இத மோந்து பாரு, மகளே."

"...காப்பியா?"

"உன் பால்ல ஒரு குறையும் இல்ல. இந்த அட்டைதான் காப்பிய விடல. உள்ள கெடக்குற இத்துனூண்டு பிள்ளைக்கு இத எப்படிக் குடுப்பேன்?"

"கால் மணி நேரம் கொதிக்க வெச்சேனே! 'சீசாவுல என்னடி சூப்பு'ன்னு எங்கம்மா கேலிகூடப் பண்ணாங்க. ஆறுமா போச்சு?"

"ஆறும்தான்."

ஜுசாரா சீசாக்களைப் பார்த்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "கீழ ஊத்திடுங்க. நான் பாக்க மாட்டேன். காலி சீசா இருக்கா? படகு மூணு மணிக்குத்தான்."

கொதிக்க வைத்த சீசா ஒன்று வந்தது. அரை மணி நேரத்தில் அதில் பாதி நிறைந்தது. தார்சிலா அதிலிருந்து நான்கைந்து சொட்டைக் குவளையில் ஊற்றினார், முகக்கவசத்தை இறக்கவில்லை. குவளையை ஜுசாராவின் மூக்கருகே நீட்டி, தேறிடுச்சா, தேறலையா என்று அவள் சொல்வதற்காகக் காத்து நின்றார்.