திறக்காத வெள்ளைக் கார்

சலீமின் காலைக் கெடுத்தவன் நான். இரும்பு விழுந்தது விபத்து... அதற்குப் பின் நடந்ததெல்லாம் நான்!

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் எங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட். சலீம் பழவேற்காட்டுக்காரன், என்னைவிட இளையவன். அவன் முழங்காலில் இரும்புக்கட்டி சரிந்தது. கட்டுப் பிரித்த டாக்டர் சொன்னது ஒன்றுதான்: தினமும் நட, முட்டியை மடக்கிப் பழகு, இல்லாவிட்டால் இறுகிவிடும். நடந்து காட்டினால் வேலை உண்டு என்றது கம்பெனி.

பொழுது போகட்டுமென்று, டிவியில் மாட்டி ஆடும் என் பழைய வீடியோ கேம் பெட்டியை அவன் வீட்டில் வைத்தேன். கார்ப் பந்தயம். அதுவரை தொழிற்பேட்டையில் என்னை வென்றவர் இல்லை. காலொடிந்து கிடந்தவன் சில நாட்களிலேயே முந்தினான்... சிரித்துக்கொண்டே முந்தினான்!

"இன்னாணா, வண்டிய தள்ளிக்கினு வரியா?"

அந்தச் சிரிப்பை என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது கேளுங்கள். அந்த விளையாட்டின் ஜப்பான் பதிப்பில், எல்லாப் பந்தயங்களையும் வென்றால் ஒரு வெள்ளைக் கார் கிடைக்கும். நம் கடைகளில் விற்ற அமெரிக்கப் பதிப்பிலோ அந்த வழியை அடைத்துவிட்டார்கள். காரை மட்டும் சிடிக்குள்ளேயே விட்டுவிட்டார்கள்... யார் ஜெயித்தாலும் வெளியே வராது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இதையெல்லாம் தெரிந்துகொண்டிருந்தேன். காரின் படத்தை அச்செடுத்துவந்து சலீமிடம் காட்டினேன்.

"எப்டிணா எடுக்கறது?"

"ஒரு தபா கூட செவுத்துல ஒரசாம எல்லா ரேஸும் ஜெயிக்கணும்டா. அப்பதான் தொறக்கும்."

பொய்! ஜப்பான் சிடி என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது.

அவன் நடப்பதை விட்டான். காலை நீட்டிப் போட்டபடி மாதக்கணக்கில் திரைமுன் கிடந்தான். அவன் உம்மா என்னிடம் வந்து அழுதார்.

"நடடான்னா கேக்க மாட்றான்பா. பொட்டி முன்னாடியே குந்திக்கினு கீறான். நீ சொன்னா கேப்பான்."

"வுடும்மா, மனசு லேசாவட்டும்" என்றேன். எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா!

ஒரு மதியம் அவன் செய்தேவிட்டான். எந்தச் சுவரையும் தொடவில்லை. பேருந்துக் கண்ணாடியில் மழைத்துளி இறங்குவதுபோல வளைவுகளில் இறங்கினான்... அப்படியோர் ஓட்டத்தை அதன்பின் நான் கண்டதில்லை. திரையில் பெயர்கள் ஓடி முடிந்தன. கார் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கடைசி ரேஸு, ரெண்டாவது வளைவுல லேசா ஒரசிட்டடா. நா பாத்தேன்."

"நெசமாவாணா? எனுக்குத் தெரியவே இல்லியே..."

நம்பினான். முதலிலிருந்து மறுபடி தொடங்கினான். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது. ஆம், இனித்தது! அவன் வேலைக்கு நான் ஆசைப்பட்டிருந்தால்கூட ஒரு காரணம் சொல்லலாம். எனக்கு அவனிடமிருந்து என்னதான் வேண்டியிருந்தது? இன்றுவரை தெரியவில்லை...

கம்பெனி கூப்பிட்டபோது முட்டி மடங்கவில்லை. டாக்டரின் அறையில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். வேலை போயிற்று.

சென்ற ஆண்டு பழவேற்காட்டில் பார்த்தேன். வலை விற்கும் கடையொன்றில், விறைத்த காலை ஸ்டூல்மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். மனைவியைக் கூப்பிட்டான்.

"நா சொல்லுவனே, இவருதான். காலு ஒடஞ்சி கெடந்தப்ப ஒரு நாளு உடாம வந்து பாத்துக்கினவரு. நான்தான் ஒயுங்கா நடக்காம கெடுத்துக்கினேன்."

அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்...

"ஆமாம்மா, எவ்ளோ சொன்னேன். கேக்கலியே!"

அவள் திரும்பி அவனை முறைத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.