எட்டாவது ஸ்டெபிலைசர்

இன்று சாயங்காலம் உதியன்குளங்கரை ஜங்ஷனுக்கு ஸ்டெபிலைசர் வாங்கப் போனேன். எங்கள் தெருவில் ஆறு மணிக்கு மேல், ஓடுகிற ஃபேனின் இறக்கையை எண்ணிவிடலாம். அவ்வளவு வோல்டேஜ் குறைவு.

கடைக்காரர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார். "இதாக்கும் இப்ப எல்லாரும் கொண்டுபோறது அக்கா. ஒங்க தெருவுலயே ஏழு வீட்டுக்குக் குடுத்தாச்சு."

எனக்குச் சூடேறிவிட்டது. ஏழு பெட்டியும் ஒரே லைனில் கூடுதலாகக் கரண்ட் இழுத்தால் கடைசி வீட்டுக்கு என்ன மிஞ்சும்? தெருவுக்கு வேண்டியது இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். கேட்டால், "புகாரே வரல்லியே" என்கிறது மின்சார ஆபீஸ். எப்படி வரும்? ஆளாளுக்குப் பெட்டி வாங்கி வாயை மூடிக்கொண்டோம்.

அங்கேயே ஒரு தாள் கேட்டு வாங்கி மனு எழுதினேன். கடைக்கு வந்த எங்கள் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

"எனக்க கச்சவடத்தக் கெடுக்காதீங்க அக்கா." வியாபாரம் போய்விடுமோ என்று கடைக்காரருக்குப் பயம்.

"ஒங்க வீடு எங்க?"

பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ஒங்க லைனுதான். கடைசி வீடாக்கும்."

பேனாவை நீட்டினேன். போட்டார். எட்டாவது பெட்டியை வாங்காமலே திரும்பினேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு மின்சார ஆபீஸ் போகிறேன். பெட்டி வாங்கிய ஏழு வீட்டாரும் நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் இதைப் படிப்பீர்கள். கூட வருகிறீர்களா, இல்லை பெட்டியிடமே புகார் சொல்லிக்கொள்கிறீர்களா?